கல்யாணப் படத்தில் நாற்பத்தொரு பேர்

இது நீண்ட பதிவு. காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வகுப்பில் என் பாடத்துக்குத் தூங்கியவர்கள் இங்கேயும் தாராளமாகத் தூங்கலாம், பெயர் எழுத மாட்டேன்.

எட்டு மாதமாக நம் குடும்பப் படங்களுக்கென்று ஒரு இணையதளம் கட்டிக்கொண்டிருக்கிறேன். நானே, என் கையால். இதைக் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "வாட்ஸ்அப் குழு இருக்கு, ஃபேஸ்புக் இருக்கு, இந்த வயசுல இது எதுக்கு சார்?" மருமகன் கொஞ்சம் மரியாதையாக, "மாமா, கண் ஆபரேஷன் பண்ணி இப்பதான் ஆறு மாசம் ஆச்சு" என்றார். கேள்வி நியாயமானது. பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் சரித்திரம் தேவைப்படுகிறது. முப்பத்திரண்டு வருடம் சரித்திரம் நடத்திய வாய் சும்மா இருக்குமா?

புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல், பாரிஸில். தாகேர் என்பவருடைய முறை அது. வெள்ளி பூசிய செம்புத் தகட்டில் ஒரே ஒரு படம் விழும், பிரதி எடுக்க முடியாது. பணக்காரர்கள் மட்டும் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாத்தார்கள். குடும்ப ஆல்பம் என்ற பொருள் வந்ததற்கு வேறொருவர் காரணம். 1854இல் திஸ்தேரி என்ற பாரிஸ்காரர் ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறிய படங்கள் எடுத்து, வெட்டி, விசிட்டிங் கார்டு அளவு அட்டையில் ஒட்டித் தரும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். விலை சரிந்தது. எல்லா அட்டையும் ஒரே அளவு என்பதால் அவற்றைச் செருகி வைக்கத் துளை வெட்டிய புத்தகங்கள் 1860 வாக்கில் கடைக்கு வந்தன. ஆல்பம் பிறந்த கதை இவ்வளவுதான். பாசத்துக்கு முன்னால் அளவு வந்துவிட்டது.

நம் பக்கம் கேமரா தாமதமாக வரவில்லை. 1850களிலேயே பம்பாய், கல்கத்தா, சென்னை மூன்றிலும் புகைப்படச் சங்கங்கள் இருந்தன. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1857 இறுதியில் கிளம்பி, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று கனமான கருவிகளோடு சுற்றினார். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து வரிசையாக ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி. கல்வெட்டைப் படிக்காமல் படம் பிடித்து வைத்த அந்த மனிதரை நான் பாடத்தில் சொன்னதில்லை, அது பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் இந்த எட்டு மாதத்தில் அவரை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். முதலில் சிதையாமல் எடுத்து வை, படிப்பவன் பிறகு வருவான் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

ஆனால் டிரைப் எடுத்தது கோவிலையும் கோட்டையையும். நம்மைப் போன்ற வீடுகளுக்குள் கேமரா வர இன்னும் நூறு வருடம் ஆனது. 1888இல் ஈஸ்ட்மன் கோடாக் கேமராவை விற்கத் தொடங்கினார். 1900இல் ஒரு டாலருக்கு பிரௌனி வந்தது. அமெரிக்காவில் குழந்தைகள் கையில் கேமரா இருந்த அந்தக் காலத்தில் துறையூர்ப் பக்கத்தில் படம் என்றால் திருச்சிக்குப் போய் ஸ்டூடியோவில் உட்கார வேண்டும். நம் குடும்பத்துக்குச் சொந்தக் கேமரா வந்தது 1968இல். சித்தப்பா வாங்கிய ஆக்ஃபா கிளிக் 3. பரோடாவில் தயாரானது, ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. அங்கிருந்து வந்த 'இந்து' ஃபிலிமும் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தது. பன்னிரண்டே படம் என்பதால் சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் எங்களை வெயிலில் கால் மணி நேரம் நிற்க வைப்பார். அந்தப் படங்களில் யாரும் சிரிக்காததற்குக் காரணம் கூச்சம் என்று பேரப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். வெயில்தான் காரணம்.

இனி கம்ப்யூட்டர் பக்கம் வருவோம்.

கம்ப்யூட்டருக்குள் ஸ்கேன் செய்யப்பட்டுப் போன முதல் புகைப்படம் எது தெரியுமா? ஒரு கைக்குழந்தை. 1957இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர் தன் மூன்று மாத மகன் வால்டனின் படத்தைக் கொண்டுபோய் ஸ்கேன் செய்தார். அகலம் 176 புள்ளி, உயரம் 176 புள்ளி. பெருக்கிப் பாருங்கள், 30,976 புள்ளிகள். அரசாங்கக் கம்ப்யூட்டர், அரை அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரம், அதில் அந்த மனிதர் முதலில் ஏற்றியது தன் பிள்ளையின் முகம். நாற்பது வருடம் கழித்து, 1997 ஜூன் 11 அன்று, கலிஃபோர்னியாவில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஃபிலிப் கான் என்பவர் டிஜிட்டல் கேமராவையும் செல்போனையும் லேப்டாப்பையும் ஒயரால் இணைத்து, அப்போதுதான் பிறந்த தன் மகளின் படத்தை இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அனுப்பினார். செல்போன் வழியாகப் படம் பகிர்வதன் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். இன்று காலை நம் குழுவில் யாரோ அனுப்பிய மொட்டைத்தலைப் படத்துக்குக் கொள்ளுத்தாத்தா அது.

(எக்ஸ்ரேயையும் சேர்க்கலாம். 1895இல் ரான்ட்ஜன் எடுத்த அந்தப் புகழ்பெற்ற கை அவர் மனைவியுடையது, விரலில் மோதிரத்தோடு. அந்த அம்மாளுக்கு அது பிடிக்கவில்லை என்பார்கள். யாருக்குத்தான் பிடிக்கும்?)

இணையதளத்தில் படம் வந்த கதையும் சுவையானது. டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தில் வலையைக் கட்டியபோது அது பெரும்பாலும் எழுத்துதான். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதை யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசன் என்ற இருபத்தொரு வயதுப் பையன், பக்கத்துக்கு நடுவிலேயே படத்தைக் காட்ட 'ஐஎம்ஜி' என்று ஒரு குறி வைத்துக்கொள்ளலாமே என்று எழுதினான். பெரியவர்கள் வேறு நல்ல வழிகள் இருக்கின்றன என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். பையன் மொசைக் உலாவியில் தன் குறியைச் சேர்த்து வெளியிட்டுவிட்டான். அதுவே நிலைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும், நான் இன்று என் பக்கத்தில் படம் வைக்க எழுதுவது அதே மூன்றெழுத்துக் குறிதான். செர்ன் வெளியிட்ட ஆதிப் பக்கத்தை இன்றைய செல்போனிலும் திறக்கலாம், ஒழுங்காகத் தெரிகிறது. இதை மனதில் வையுங்கள், என் முடிவுக்கு இதுதான் பாதிக் காரணம்.

மீதிப் பாதி, காணாமல் போனவற்றின் கதை. 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்ற சேவை சாதாரண மக்களுக்கு இலவசமாக இடம் கொடுத்தது. பேட்டை பேட்டையாகப் பிரித்திருந்தார்கள். குடும்பம், குழந்தை, நாய் பூனை, சொந்த ஊர் இவற்றுக்கென்று ஒரு பேட்டை. லட்சக்கணக்கானவர்கள் தங்கள் அப்பா அம்மா படத்தை அங்கே போட்டார்கள். 1999இல் யாஹூ அதை வாங்கியது, 2009 அக்டோபர் 26இல் மூடியது. சில தன்னார்வலர்கள் இரவும் பகலும் அள்ளி எடுத்துக் காப்பாற்றியது போகப் பலருடைய படங்கள் போயே போயின. ஆர்குட் 2014 செப்டம்பர் 30இல் மூடியது. என் 2006 வருடத்துப் பிள்ளைகள் பலர் அதில் குடியிருந்தார்கள். பிகாசா 2016இல் போனது. ஃப்ளிக்கர் 2018இல், இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம்தான் என்று அறிவித்தது. கூகுள் போட்டோஸில் எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாக வைக்கலாம் என்ற சலுகை 2021 ஜூன் 1இல் முடிந்தது. யாரையும் குறை சொல்லவில்லை. கம்பெனி நடத்துவது தர்ம சத்திரம் நடத்துவதல்ல. ஆனால் சராசரி பத்து வருடம் நிற்கும் திண்ணையில் எழுபது வருடப் படத்தை வைத்துவிட்டுத் தூங்க எனக்கு மனம் வரவில்லை.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடுகிறது, கேமரா உள்ளே பதித்து வைத்த தேதியும் உதிர்ந்துவிடுகிறது. படத்தை 'டாக்குமென்ட்' என்று தேர்ந்து அனுப்பினால் முழுசாகப் போகும். இதை மட்டுமாவது இன்றே பழகுங்கள்.

வேலைக்கு வருகிறேன். ஏழு வீடுகளிலிருந்து 614 படங்கள் வந்தன. இதில் ஒரு வீட்டோடு நமக்கு 1987 முதல் பேச்சுவார்த்தை கிடையாது, காரணம் எல்லாருக்கும் தெரியும், வாய்க்கால் ஓர நிலம். நானே போனேன். வாசலில் நின்று, "நிலத்துக்கு வரலை, படத்துக்கு வந்திருக்கேன்" என்றேன். அந்த வீட்டு மதினி ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். அதில்தான் 1956 கல்யாணப் படத்தின் நல்ல பிரதி இருந்தது. நம் வீட்டுப் பிரதியைச் செல் பாதி தின்றுவிட்டது.

ஸ்கேனர், மருமகன் அலுவலகத்தில் கழித்துப் போட்டது. சில விஷயங்களைப் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டிலும் உதவும். ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே சாய்வான வெளிச்சத்தில் படம் பிடியுங்கள். 1980களில் வந்த பசைத் தாள் ஆல்பங்கள் படத்துக்கு எமன், முதலில் அவற்றை ஸ்கேன் செய்யுங்கள். அந்தக் காலத்துக் கலர்ப் படங்கள் செம்பட்டையாகிக்கொண்டே வருகின்றன, அவற்றைவிட முப்பது வருடம் மூத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் கல்லு மாதிரி இருக்கின்றன. எனவே அவசரம் கலருக்குத்தான். படத்தின் பின்பக்கம் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள். மெல்லிய பென்சில். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் அப்பா கிறுக்கிய தேதியும் அங்கேதான் இருக்கும்.

இணையதளம் என்றதும் பெரிய கட்டடம் என்று பயப்படுகிறார்கள். ஒரு பக்கம் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் எழுதலாம். தலைப்பு இது, பத்தி இது, படம் இங்கே, படத்துக்கு விளக்கம் இது, அடுத்த பக்கத்துக்கு வழி இது என்று கோண அடைப்புக்குள் குறி போட வேண்டும். எனக்குத் தேவைப்பட்ட குறிகள் பத்துக்குள் அடங்கிவிட்டன. பெங்களூரில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பாடம் எடுத்தார். வகுப்பில் நான் அவரைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். அதை அவர் நினைவூட்டவில்லை, நானும் நினைவூட்டவில்லை. "சார், ரெடிமேட் இருக்கு, ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்" என்றுதான் தொடங்கினார். ஜியோசிட்டீஸ் கதையைச் சொன்னதும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி சார், நோட்பேட் ஓபன் பண்ணுங்க" என்றார்.

ஒரு முகப்புப் பக்கம். பத்தாண்டுக்கு ஒரு பக்கமாக ஆறு பக்கம். ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னப் படங்கள், தொட்டால் பெரிதாகத் திறக்கும். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று அளவு வைத்திருக்கிறேன். ஸ்கேனரிலிருந்து வந்த மூலம் தனி டிரைவில், தொடாமல். தளத்துக்கு 1600 புள்ளி அகலத்தில் ஒன்று, முகப்புக்கு 300 புள்ளியில் ஒன்று. கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், ஊர், எண், இந்த வரிசையில், இடைவெளி விடாமல். இப்படிப் பெயர் வைத்தால் கம்ப்யூட்டர் தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடுகிறது. தேதி தெரியாததற்கு ஆண்டுக்குப் பின் சுழியம் சுழியம். சரித்திர வாத்தியாருக்கு இதைவிட இன்பம் உண்டா?

தமிழில் எழுதுவதில் ஒரு விஷயம். 2000 வாக்கில் நாம் டைப் செய்த கேள்வித்தாள்களை இப்போது திறந்தால் பூச்சி பறக்கிறது, அந்த எழுத்துரு இல்லாமல் படிக்க முடியாது. அன்று ஆளுக்கொரு குறியீடு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கியங்களை முதலில் ஒரு குறியீட்டில் ஏற்றி, பிறகு யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினார்கள், அதனால் இன்றும் படிக்க முடிகிறது. உங்கள் பக்கத்தின் தலையில் 'யூடிஎஃப்-8' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் சில கருவிகளில் அப்பாயி பெயர் அயல்நாட்டுக் கிறுக்கலாகத் தெரியும்.

ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் கண்ணுக்குத் தெரியாத விளக்கம் ஒன்று எழுத இடம் இருக்கிறது. பார்வையற்றவர்களின் கருவி அதை உரக்கப் படிக்கும். 1998 வருடத்து மாணவர் ஒருவருக்குப் பார்வை இல்லை. தளத்தைத் திறந்து கேட்டுவிட்டு, "சார், உங்க அப்பா கைக்கடிகாரத்தை மட்டும் எல்லாப் படத்துலயும் சொல்றீங்களே, ஏன்?" என்று கேட்டார். அவர் கேட்ட பிறகுதான் கவனித்தேன். அது ஒரே கடிகாரம், எட்டுப் பேர் கைகளில் எட்டுப் படங்களில் இருக்கிறது. ஸ்டூடியோவில் ஆளுக்கு ஆள் கழற்றிக் கொடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன்.

படம் இருந்தால் போதாது, பெயர் வேண்டும். பெயர் தெரியாத முகம் அருங்காட்சியகத்து ஓடு மாதிரி, எந்தக் குழியில் கிடைத்தது என்று தெரியாவிட்டால் அது வெறும் ஓடு. 1956 வைகாசி, பெரியத்தை கல்யாணம். நம் வீட்டு முற்றத்தில், திருச்சியிலிருந்து வந்த போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுத்த படம். நாற்பத்தொரு பேர். அந்த நாற்பத்தொரு பேரையும் அறிந்தவர் உலகத்தில் இன்று ஒரே ஒருவர், அந்தக் கல்யாணப் பெண். பெரியத்தைக்கு எண்பத்தேழு வயது. பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. நினைவும் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. நான் எட்டு மாதமாக ஓடியது இணையதளத்துக்காக அல்ல, இதற்காகத்தான்.

படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். எட்டுக்குப் பத்து அங்குலப் படம், 2 கோடியே 88 லட்சம் புள்ளிகள் வந்தன. கிர்ஷின் குழந்தைப் படத்தைப்போல 930 மடங்கு. ஒவ்வொரு முகத்தையும் தனியாக வெட்டி, டிவியில் போட்டு, அத்தையை முன்னால் உட்கார வைத்தேன். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரைதான், அதற்கு மேல் களைத்துவிடுவார். பதினேழு காலைகள். முப்பத்து நான்கு பேரைச் சொன்னார். எப்படிச் சொன்னார் என்கிறீர்கள்! "இவன் பாம்பு கடிச்சுச் செத்தான். இவ எனக்குச் சடை பின்னி விட்டவ. இந்த மனுஷன் பந்தியில மூணு தடவை உக்காந்தான், உங்க தாத்தா இருந்திருந்தா சிரிச்சிருப்பாரு."

அத்தை சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. வகுப்பில் நான் போர்டில் எழுதுவேனே, யார் சொன்னது, எப்போது சொன்னது, வேறு சான்று உண்டா என்று, நினைவிருக்கிறதா? அந்த வேறு சான்று பரணில் இருந்தது. கல்யாணத்து மொய் நோட்டு. நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில், எனவே இதில் எல்லாம் ரூபாய், அணா. பெயர், தகப்பன் பெயர், ஊர், தொகை. அத்தை சொன்ன ஆண்களில் பெரும்பாலோர் அதில் அகப்பட்டார்கள். அத்தைக்குப் பெயர் வராத மூன்று பேரை நோட்டைப் படித்துக் காட்டியே பிடித்தோம். ஆக முப்பத்தேழு. பெண்கள் பெயர் மொய் நோட்டில் கிடையாது. பெண்களுக்குச் சான்று அத்தையின் வாய் மட்டும்தான். தளத்தில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே, இது அத்தை சொன்னது, இது நோட்டில் உள்ளது என்று பிரித்தே எழுதியிருக்கிறேன், தேதியோடு.

இனி இரண்டு விஷயம். உறவுகள் சிலருக்கு வருத்தமாக இருக்கலாம், ஆனாலும் எழுதுகிறேன்.

கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் தாத்தா படம். நெற்றியில் விபூதி, நேரே பார்க்கும் கண். 1949இல் எடுத்தது. மதினி கொடுத்த பிஸ்கட் டின்னில் அதன் மூலம் கிடைத்தது. தாத்தா நாற்காலியில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறார், தாடையைச் சுற்றித் துணி, சுற்றிலும் நின்றுகொண்டு பிள்ளைகள். கண்கள் மூடியிருக்கின்றன. உயிரோடு இருந்தபோது அவரை யாரும் படம் எடுக்கவில்லை. இறந்த அன்று திருச்சிக்கு ஆள் அனுப்பி, போட்டோக்காரர் வந்து சேரும் வரை எடுக்காமல் காத்திருந்திருக்கிறார்கள். பிறகு ஸ்டூடியோக்காரர் துணியை அழித்து, கண்களைத் தூரிகையால் தீட்டிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் இப்படித்தான். அறுபது வருடமாக நான் கும்பிட்டது ஒரு ஓவியரின் கற்பனைக் கண்களை. அதனால் கும்பிடுவதை நிறுத்தவில்லை. இரண்டு படத்தையும் தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமா என்று அத்தையைக் கேட்டேன். "வையி. அந்த நாற்காலிக்குப் பின்னாடி நிக்கிற பதினோரு வயசுப் பிள்ளை நான்தான்" என்றார்.

இரண்டாவது, அப்பாயி. எங்களையெல்லாம் வளர்த்த அப்பாயி 1974இல் இறந்தார். ஒரு படம்கூடக் கிடையாது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். கேமராவைக் கண்டாலே உள்ளே போய்விடுவார். 614 படத்திலும் தேடினேன். 1956 படத்தைப் பெரிதாக்கி முகம் முகமாக வெட்டும்போது, வரிசைகளுக்குப் பின்னால், வீட்டு நிலைப்படிக்கு உள்ளே, இருட்டில், மிளகு அளவு ஒரு வெளுப்பு. பெரிதாக்கினேன். வெள்ளைச் சேலை, மொட்டையடித்து மூடிய முக்காடு, பாதி முகம். பெண்ணைப் பெற்ற தாய், தன் மகள் கல்யாணப் படத்தில் கதவுக்குப் பின்னால் நிற்கிறார். தாத்தா போய் ஏழு வருடம் ஆகியிருந்தது. தாலி அறுத்தவள் மங்கலப் படத்தில் நிற்கக் கூடாது. நாற்பத்தொரு பேரில் அவர் கணக்கிலேயே இல்லை.

டிவியில் அதைப் போட்டபோது அத்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கூப்பிட்டேன்டா. வர மாட்டேன்னுட்டாங்க. பாக்கலைன்னு நெனச்சேன், பாத்துக்கிட்டுதான் இருந்திருக்காங்க" என்றார். அன்று அதற்கு மேல் வேலை நடக்கவில்லை.

படத்தைக் குழுவில் போட்டதும் ஒரு பேரன் ஆசையாக ஏதோ ஆப்பில் கொடுத்துக் கலர் பண்ணி அனுப்பினான். அப்பாயியின் வெள்ளைச் சேலையை அந்த ஆப் இளஞ்சிவப்பாக மாற்றியிருந்தது. அவனைத் திட்டவில்லை, நல்ல மனதோடுதான் செய்தான். அதைப் பார்த்து ஒரு கணம் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் தளத்தில் வைக்க மாட்டேன். அவருக்கு அந்தச் சேலையைக் கொடுக்காத ஊர் இது. அதைக் கம்ப்யூட்டர் கொடுத்ததாகக் காட்டினால் ஊர் தப்பித்துக்கொள்ளும்.

தளத்துக்குக் கடவுச்சொல் உண்டு, குடும்பத்தாருக்குத் தனியாக அனுப்புகிறேன். 1990க்குப் பிந்தைய படங்கள் அதில் இல்லை. பேரப்பிள்ளைகள் படம் ஒன்றுகூட இல்லை, அவர்கள் வளர்ந்து அவர்களே சொல்லட்டும். உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதியும் இல்லை, வங்கிக்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நாமே விடை எழுதி ஒட்டக் கூடாது. தங்கை முறையுள்ள ஒருத்தியின் முதல் கல்யாணப் படத்தை எடுத்துவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும்ணே. அவரையும் வெட்டாதீங்க. அதுல இருக்கிறது நான்தானே" என்றாள்.

நான் போன பிறகு தளத்துக்குப் பணம் கட்டுவது யார், இடம் கொடுத்த கம்பெனி மூடினால் என்ன என்று கேட்பீர்கள். இது ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். யூஎஸ்பி டிரைவில் போட்டு, இணையமே இல்லாத கம்ப்யூட்டரில் முகப்புக் கோப்பைத் திறந்தாலும் அப்படியே ஓடும். ஏழு வீட்டுக்கும் ஏழு டிரைவ் போகிறது, பேச்சில்லாத வீட்டுக்கும் சேர்த்து. உ.வே.சா. தேடிப் போன ஓலைச்சுவடிகளில் ஒரு வீட்டில் செல்லரித்தது இன்னொரு ஊரில் முழுசாகக் கிடைத்ததே, யாரோ முன்பு பிரதி எடுத்து வைத்ததால்தானே? வருடம் ஒரு முறை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, டிரைவைச் செருகித் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் அடுத்த வீட்டிலிருந்து பிரதி எடுங்கள்.

இன்னும் நான்கு பேர் பாக்கி. படத்தை இந்தப் பதிவோடு போட்டிருக்கிறேன், நான்கு முகத்திலும் வட்டம் இருக்கிறது. இரண்டாம் வரிசையில் இடப்பக்கக் கடைசியில், சட்டையில்லாமல் துண்டு மட்டும் போட்ட பெரியவர், காதில் கடுக்கன். அதே வரிசையில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண், குழந்தை அசைந்ததால் அதன் முகம் தெரியவில்லை. மேல் வரிசையில் கோட்டுப் போட்ட இளைஞர், அந்த வெயிலில் அந்தக் கோட்டு ஏன் என்று அத்தைக்கும் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் வலமிருந்து மூன்றாவது சிறுமி. மற்ற பிள்ளைகள் புதுத்துணி போட்டிருக்கிறார்கள், அவள் மட்டும் பழைய பாவாடை. வேலைக்கு வந்தவர்களின் மகளாக இருக்கலாம், அப்படியானால் இப்போது அவருக்கும் எழுபத்தைந்து வயதிருக்கும். துறையூர், முசிறி, உப்பிலியபுரம் பக்கம் வேர் உள்ளவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். யாராவது தெரிந்தால் போன் பண்ணுங்கள். காலை பதினொன்றுக்குள் பண்ணினால் அத்தையிடமே பேசலாம்.